கலைச்சொல்: வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று எழுதும் முறைக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத் தேர்தல் கட்டுரையைத் தமிழாக்கும் தம்பி, ‘ரேங்க்டு சாய்ஸ் வோட்டிங்’ என்பதற்குச் சொல் கேட்டு மூன்று நாளாகிறது. வாக்காளர் 1, 2, 3 என்று எண் போட, யாருக்கும் பாதி வராவிட்டால் பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களின் சீட்டுகளை அடுத்த எண்ணுக்கு மாற்றும் முறை அது. தரவரிசை வாக்கு, முன்னுரிமை வாக்கு, மாற்று வாக்கு, பெரும்பான்மை வாக்கு என்று நான்கு வந்திருக்கின்றன. நேற்றிரவு ஐந்தாவதாக ஒன்று வந்தது:

> இந்த முறையின் பயனே இரண்டு கட்சி ஆதிக்கத்தை உடைப்பதுதான். பெயரிலேயே அது தெரியட்டும். ‘இருகட்சி முறி வாக்கு’ என்றால் என்ன?

ஐயாவின் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் நாம் எதிர்பார்க்கும் பலனைப் பெயருக்குள் வைத்துவிட்டால், பலன் கிடைக்காத ஊரில் பெயர் பொய்யாகிவிடும். அமெரிக்காவில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம்.

2010இல் மெய்ன் ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பால் லெபேஜ் 37.6 விழுக்காடு வாங்கி வென்றார். சுயேச்சை எலியட் கட்லர் மிக நெருங்கி இரண்டாவதாக வந்தார். ஜனநாயகக் கட்சி மூன்றாவது. நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் வேறு யாருக்கோ போட்டிருந்தும் ஆளுநர் லெபேஜ்தான். 2014இல் கட்லர் மறுபடி நின்றபோது அவருடைய பங்கு 8 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியது. லெபேஜ் மீண்டும் வென்றார். மூன்றாவது ஆளுக்கு ஆதரவு இருந்தாலும் அது ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். ‘அவருக்குப் போட்டால் ஓட்டு பிரியும், வேண்டாதவன் வந்துவிடுவான்’ என்ற அச்சம் நமக்கும் நன்றாகத் தெரிந்ததுதானே.

2016இல் மெய்ன் மக்கள் பொதுவாக்கெடுப்பில் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த மாநில அரசியலமைப்பு, ஆளுநர் தேர்தலில் மற்றவர்களைவிடக் கூடுதல் வாக்கு வாங்கியவரே வென்றவர் என்கிறது. அதனால் எந்தத் தேர்தல் இந்த மாற்றத்துக்குத் தூண்டுதலாக இருந்ததோ, அந்த ஆளுநர் தேர்தலில் இது நடைமுறைக்கு வரவில்லை. கட்சிகளின் உட்தேர்தல்களிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும்தான் வந்தது.

2018 நவம்பரில் மெய்னின் இரண்டாம் நாடாளுமன்றத் தொகுதியில் முதல் எண்ணிக்கை இப்படி: குடியரசுக் கட்சியின் புரூஸ் பொலிக்வின் 1,34,184. ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டன் 1,32,013. சுயேச்சைகள் இருவருக்கும் சேர்த்து 23,427. பழைய முறை என்றால் பொலிக்வின் வெற்றி, கதை முடிந்தது. புதிய முறையில் யாருக்கும் பாதி வரவில்லை என்பதால் சுயேச்சைகளை நீக்கிவிட்டு, அவர்கள் பெயருக்கு எதிரே 1 போட்டிருந்தவர்களின் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்தார்கள். கோல்டன் 1,42,440 என்று ஏறினார், பொலிக்வின் 1,38,931இல் நின்றார். பொலிக்வின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயும் முடிவு மாறவில்லை.

‘பெரும்பான்மை வாக்கு’ என்று சொன்ன நண்பர் இந்த எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலில் எண்ணியவை 2,89,624 வாக்குகள். கோல்டனுக்குக் கடைசியில் கிடைத்தது அதில் 49.2 விழுக்காடு. பயன்படும் அடுத்த எண் இல்லாமல் இடையில் 8,253 சீட்டுகள் எண்ணிக்கையிலிருந்து கழன்றுவிட்டன. மிஞ்சிய சீட்டுகளில்தான் அவருக்குப் பெரும்பான்மை. ஆகவே அந்தப் பெயர் கணக்குப்படியே தவறு.

‘இருகட்சி முறி’க்கு அலாஸ்கா விடை சொல்லும். அங்கே இதே முறையில் நடந்த 2022 ஆகஸ்ட் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மூவர் போட்டி: ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சியில் சாரா பேலின், அதே கட்சியின் நிக் பெகிச். பெகிச் மூன்றாவதாக வந்து வெளியேற, பெல்டோலா வென்றார். பின்னர் வாக்குச்சீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: மற்ற இருவரில் யாருடன் தனித்து மோதியிருந்தாலும் பெகிச் வென்றிருப்பார்! பலருக்கு இரண்டாவதாகப் பிடித்தவர், முதலாவதாகக் குறித்தவர்கள் குறைவு என்பதால் முதலில் வெளியே போனார். நடுவில் நிற்கும் மூன்றாவது ஆளை இந்த முறை காப்பாற்றும் என்று உறுதி கொடுக்க முடியாது. அது செய்வது வேறொன்று. மனத்துக்குப் பிடித்தவருக்கு 1 போட்டால் ஓட்டு வீணாகுமோ என்ற அச்சத்தை எடுக்கிறது. அச்சம் போனபின் மூன்றாவது கட்சி வளருமா என்பது அந்தக் கட்சியின் உழைப்பு.

மற்ற மூன்று சொற்களுக்கு வருகிறேன்.

தரவரிசை: நம் ஊரில் பொறியியல் கலந்தாய்வுக்கு வரும் பட்டியல், கிரிக்கெட் அணிகளின் பட்டியல். மேலே இருக்கும் ஒருவர் தரம் பார்த்துக் கொடுப்பது. வாக்காளர் தரம் பார்த்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும் என்றில்லை. ‘இவன் வந்தாலும் பரவாயில்லை’ என்றுகூட 3 போடலாம்.

முன்னுரிமை: குடியரசுத் தலைவர் தேர்தலின்போது நாளிதழ்களில் ‘முதல் முன்னுரிமை வாக்கு’ என்று படித்திருப்போம். 1969இல் வி.வி.கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515 மதிப்பு பெற்றும் தேவையான 4,18,169ஐ எட்டாமல், அடுத்தடுத்த எண்கள் சேர்ந்த பிறகே 4,20,077 பெற்று நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார். வரலாறு உள்ள சொல்தான். ஆனால் என் வீட்டம்மாவிடம் ‘முன்னுரிமை வாக்கு என்றால் என்ன?’ என்று கேட்டேன். ‘வயசானவங்களை முதல்ல விடுவாங்களே, அதுவா?’ என்றார். அதன் பிறகு அந்தச் சொல்லுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

மாற்று வாக்கு: ‘ஒற்றை மாற்று வாக்கு’ என்று பாடநூல்களில் இருக்கிறது. மாற்று என்பது மாற்றத்தக்கதா, பதிலாக வந்ததா? கட்சி மாறிப் போட்ட ஓட்டும் காதில் வந்து விழுகிறது.

என் பரிந்துரை ‘வரிசை வாக்கு’. சின்னச் சொல். செயலைச் சொல்கிறது, பலனைச் சொல்லவில்லை. இலங்கை நண்பர்கள் கருத்துச் சொன்னால் நல்லது.

*

வணக்கம் அண்ணா.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மெல்பனில் வாக்குப் போடுகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

> என் பரிந்துரை ‘வரிசை வாக்கு’.

‘வரிசை’ என்றதும் எனக்கு வாக்குச்சாவடி வாசலில் நிற்கிற வரிசைதான் முதலில் தெரிகிறது. 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் நின்ற எங்கள் சனத்துக்கு அது இன்னும் பாரமான சொல். தனியாக நிற்க விடாதீர்கள், கூட ஒரு சொல் வேண்டும்.

இன்னொன்று. பழைய மடல் ஒன்றில் ஒருவர் ‘தரப்படுத்தல் வாக்கு’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். தயவுசெய்து அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தரப்படுத்தல் என்றால் எங்களுக்கு எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட முறை. அந்தச் சொல்லால் படிப்பு இழந்தவர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

நாங்கள் பாவிக்கிற சொல் ‘விருப்பு வாக்கு’. அதிலும் சிக்கல் உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்குப் போட்டுவிட்டு, அந்தக் கட்சியின் மூன்று வேட்பாளர்கள் வரை அடையாளம் இடுவோம். மூன்றுக்கும் ஒரே பெறுமதி, ஒன்று, இரண்டு என்ற ஒழுங்கு இல்லை. சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று ஒழுங்காக எழுதலாம். இரண்டுக்கும் ஒரே பெயர்! 2024 செப்டம்பரில்தான் முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரேயடியாக நீக்குவது எங்கள் முறை. ஆஸ்திரேலியாவில் போல ஒவ்வொருவராக நீக்குவதில்லை. நீங்கியவர்களுக்குப் போன வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து இவர்கள் இருவருக்கும் சேர்ந்தது வெறும் 273,131. கனபேர் ஒரு அடையாளத்தோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசியில் இதைத்தான் கதைத்தோம்: ஒன்று தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு என்றால் இரண்டு யாருக்கு? அம்மம்மா, ‘நாடாளுமன்றத்துக்குப் போடுற மாதிரி மூன்று பேருக்கும் போடலாமோ?’ என்று கேட்டா. பெயர் ஒன்றாக இருந்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும், அண்ணா. இது சொல்லாய்வுக்கு மட்டும் உரிய விசயம் இல்லை, வாக்கு என்ன ஆகிறது என்ற விசயம்.

அதனால் இரண்டையும் சேர்த்து ‘விருப்பு வரிசை வாக்கு’ என்று வைத்துக்கொள்ளலாமா? விருப்பு எங்கள் பழக்கம், வரிசை அதற்கு இல்லாத ஒழுங்கைக் கொடுக்கும்.

ஆஸ்திரேலியா பற்றியும் ஒரு வார்த்தை. 1918இல் சுவான் இடைத்தேர்தலில் தொழிற்கட்சிக்கு எதிரான வாக்குகள் சிதறி அந்தக் கட்சி வென்றதும், அந்தக் கட்சிக்கு எதிரான அரசு இந்த முறையைக் கொண்டுவந்தது. உடைக்க வந்த முறை இல்லை, தங்கள் வாக்கு சிதறாமல் காக்க வந்தது. நூறு வருடத்துக்கு மேலாக ஆட்சி இரண்டு அணிகளுக்குள்தான். ஆனாலும் 2022இல் 151 இடங்களில் 16 பேர் இரண்டு அணிக்கும் வெளியே வந்தார்கள். மெல்பனின் கூயோங் தொகுதியில் நிதியமைச்சராக இருந்த ஜோஷ் ஃபிரைடன்பேர்க் முதல் எண்ணிக்கையில் முன்னிலை. சுயேச்சை மொனிக் றயன் பின்னால். பிறகு தொழிற்கட்சி, பசுமைக் கட்சி வாக்குச்சீட்டுகளின் அடுத்த எண்கள் அவவை ஏற்றிவிட்டன. இங்கே கீழவைத் தேர்தலில் எல்லாப் பெட்டிக்கும் எண் எழுத வேண்டும், அதனால் மெய்னில் போலச் சீட்டுகள் இடையில் கழல்வதில்லை. மூன்றாவது ஆள் முதல் இரண்டுக்குள் வந்துவிட்டால் இந்த முறை அவருக்குக் கைகொடுக்கும். வராவிட்டால் அவருடைய வாக்குகள் பெரிய கட்சிக்குத்தான் போய்ச் சேரும்.

*

தங்கைக்கு நன்றி.

தரப்படுத்தலை நீக்கிவிட்டேன். அந்தச் சொல்லின் சுமை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாது.

‘விருப்பு வரிசை வாக்கு’ என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். முன்னுரிமை வாக்கு பற்றிக் கேட்ட அதே வீட்டம்மாவிடம் இதையும் சொல்லிப் பார்த்தேன். ‘பிடிச்சவங்களை வரிசையா எழுதுறதா?’ என்றார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

எழுத்து பற்றி: தமிழ்நாட்டில் ‘விருப்ப வரிசை’ என்றுதான் கை போகும். ஆனால் இலங்கையில் அச்சிலும் வாயிலும் நிலைத்த சொல் விருப்பு. இந்த முறையில் நாட்டுத்தலைவருக்கு நேரடியாக வாக்களிப்பவர்கள் அவர்கள். ‘விருப்பு’ என்றே வைப்போம்.

துணைச்சொற்கள்: முதல் விருப்பு, அடுத்த விருப்பு, நீக்கம், கைமாற்றம். இரண்டு அணிக்கும் வெளியே நின்று ஒருவரைத் தோற்கடிப்பவரை ஆங்கிலத்தில் கெடுப்பவர் என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல வேண்டாம். நிற்பது அவர் உரிமை. ‘வாக்குப் பிரிவு’ என்று நிகழ்வுக்கு மட்டும் பெயர் போதும், ஆளுக்கு வேண்டாம்.

பாக்கி இருப்பது அந்த 8,253 சீட்டுகளுக்கான சொல். ‘செல்லாத வாக்கு’ என்றால் தவறு. முதல் சுற்றில் அவை செல்லுபடியாகி எண்ணப்பட்டவை. ‘தீர்ந்த சீட்டு’ என்று நினைக்கிறேன், வரிசை தீர்ந்துபோனது என்ற பொருளில். தங்கை, யாழ்ப்பாணத்தில் ‘தீர்ந்த’ என்றால் வேறு ஏதாவது காதில் விழுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் தம்பி கட்டுரையை முடித்துவிடுவார்.