கேனனெட் க்யூஎல்17 ஜி-III ஃபிலிம் கேமரா: ‘ஏ’யில் (ஆட்டோவில்) வைத்தால் பட்டன் அழுந்த மாட்டேங்குது

செங்கோட்டைக்காரன்:
400 ஏஎஸ்ஏ (ஒளி உணர்திறன்) ஃபிலிம், ஷட்டர் வேகம் 1/60 நொடி, லென்ஸ் வளையம் ‘ஏ’யில். ஆரியங்காவு வெயிலில் பட்டன் இறங்கவே இல்லை. மரநிழலில் சரியா அடிக்குது. ரிப்பேரா?

புனலூர் மணி:
ரிப்பேர் இல்லை தம்பி. இதில் வேகத்தை நீங்க வைக்கணும், அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பை) கேமரா பார்த்துக்கும். அந்த வெயிலுக்கு 1/60-இல், இருக்கிறதிலேயே சின்னத் திறப்பான எஃப்16-கூடப் போதாது. வியூஃபைண்டரில் தெரியும் மீட்டர் முள் சிவப்புக்குப் போனா ஷட்டர் பூட்டிக்கும். 1/500 வைங்க. அதுவே விளிம்புதான், வெளியில எடுக்க 100 ஃபிலிம் நிம்மதி.

தென்மலைத் தூறல்:
பேட்டரி என்னது? வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்கு அமைச்சது. 1.5 அல்கலைன் போட்டா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருட்டடிக்கும். காதுக்கருவிக்கு விற்கிற 675 ஜிங்க்-ஏர் வாங்குங்க. சைஸ் சின்னது, சுத்தி ரப்பர் வளையம் வேணும். ஸ்டிக்கரைக் கிழிச்சு சில நிமிஷம் காத்துப் பட விட்டுப் போடுங்க. லென்ஸ் மூடியைப் போட்டே வைங்க. மீட்டர் கண் லென்ஸ் முகப்பிலேயே இருக்கு, இருட்டில் பேட்டரி அதிகம் தின்னாது.

செங்கோட்டைக்காரன்:
1/500-இல் அழுந்துது அண்ணே. ஆளுக்குப் பின்னாடி வானம் வெளுத்திருந்தா?

புனலூர் மணி:
கேமராவைத் தரைப்பக்கம் சாய்ச்சுப் பட்டனைப் பாதி அழுத்துங்க, முள் அங்கேயே பிடிபடும். விடாம ஃபிரேமுக்கு வந்து முழுசா அழுத்துங்க. ‘ஏ’யை விட்டு வெளியே வந்தா மீட்டர் அணைஞ்சிடும், கணக்கு உங்க தலையில்.