இந்தியாவில இருந்து திரும்பின குடும்பங்களுக்குத் தனிக் கிளினிக் வேணுமா?

முறிகண்டி:
தமிழ்நாட்டு அகதி முகாம்களில இருந்து திரும்பி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறின ஆக்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில மாதத்தில ஒரு நாள் தனிக் கிளினிக் வேணும். வைத்தியம் இலவசம்தான், ஆனா இவையின்ர பெயர் ஒருத்தரின்ர பதிவிலயும் இல்லை. சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில பதியாமல் வந்த பிள்ளைக்குக் கையில இருக்கிறது இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும். குடியுரிமைப் பதிவு இழுபட, "பேப்பர் சரிவரட்டும்" எண்டு தாய் வீட்டில இருந்திடுறா.

வவுனிக்குளம்:
தனிக் கிளினிக் வேண்டாம் அண்ணை. தடுப்பூசிக்கும் கர்ப்பிணிக் கிளினிக்குக்கும் குடியுரிமைப் பேப்பர் தேவையில்லை. மிட்வைஃப் (குடும்பநல மாது) தன்ர பிரிவில இருக்கிற வீட்டைத்தான் பதியிறா. வந்து இறங்கின கிழமையே அவவைக் காணவேணும்: கர்ப்பிணி எண்டா எச் 512 எண்ட கர்ப்பிணிப் பதிவு அட்டை, பிள்ளை எண்டா வளர்ச்சிப் பதிவேடு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்த சனத்தைப் புறம்பா வைச்ச வடு இன்னும் ஆறேல்லை. இன்னொரு சனத்துக்கு முத்திரை குத்தாதேங்கோ.

முறிகண்டி:
பதிவேடு கிடைச்ச பிறகுதான் சிக்கலே தொடங்குது. ஐந்து வருத்தத்துக்குச் சேர்த்துப் போடுற பென்டாவலன்ட் ஊசி இந்தியாவில 6, 10, 14 கிழமையில, இங்க 2, 4, 6 மாதத்தில. ரெண்டு கொப்பியும் ஒத்துப்போகாது எண்டிட்டு, மூண்டும் போட்ட பிள்ளைக்கு முதலில இருந்து தொடங்கக் கூடாது. போட்டது செல்லும், திகதியை அப்பிடியே ஏத்தவேணும். விடுபடுறது வேற ஊசி. அங்க அரச அட்டவணையில தட்டம்மை, ரூபெல்லாதான், கூகைக்கட்டு இல்லை. இங்க இந்த மூண்டுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்திலயும் 3 வயதிலயும். யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அங்க குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டும், இங்க எல்லாப் பிள்ளைக்கும். நெரிசலான கிளினிக் நாளில இதை ஆர் இருந்து ஒப்பிட்டுப் பாக்கிறது?

நெடுங்கேணி:
பெரியாக்களை மறந்திட்டியள். சீனி வருத்தக்காரர் சிலருக்கு அங்க மெட்போமினும் கிளிமெப்பிரைட்டும் சேர்ந்த ஒரே குளிசை, கம்பனிப் பெயரில குடுப்பினம். இங்க அரச கிளினிக்கில தனித்தனி மருந்து, மூலப்பெயரில. பழைய குளிசையையும் புதிசையும் சேர்த்து விழுங்கினா சீனி ஒரேயடியா இறங்கி, வேர்த்து, மயங்கி விழுவினம். வெறும் குளிசை அட்டையையாவது எறியாமல் கொண்டுவரச் சொல்லுங்கோ. அதில மூலப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும்.

மற்றது மலேரியா. 2016 செப்டெம்பரில மலேரியா அற்ற நாடு எண்ட சான்று எங்களுக்குக் கிடைச்சது. ஆனா அந்த வருடக் கடைசியில மன்னாரில மலேரியாவைப் பரப்புற அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு பிடிபட்டது. அது கிணத்திலயும் தண்ணித் தாங்கியிலயும் பெருகும். மலேரியாவில ஒரு வகையான வைவக்ஸ் கிருமி ஈரலில பதுங்கியிருந்து மாதக்கணக்கில கழிச்சும் கிளம்பும். வந்த அண்டு இரத்தப் பரிசோதனையில ஒண்டும் இல்லையெண்டாலும், ஒரு வருடத்துக்குள்ள காய்ச்சல் வந்தா "இந்தியாவில இருந்து வந்தனாங்கள்" எண்டதைத்தான் வைத்தியரிட்ட முதல் சொல்லவேணும். டெங்கு எண்டு மட்டும் பாத்து அனுப்பினா கிருமி அயலுக்குப் பரவ இடமாயிடும்.

வவுனிக்குளம்:
நீங்கள் சொல்லுறது என்ர பக்கத்துக்குத்தான் சாட்சி. காய்ச்சல்காரன் மாதக் கிளினிக் வரும்வரைக்கும் காத்திருக்கேலாது. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். உள்ளுக்குள்ள இருந்து வாறவைக்கு ஒரு பஸ் தவறினா அண்டைக் கூலியும் போச்சு. ரெண்டு நாட்டு ஊசி அட்டவணையையும் ஒரு தாளில அடிச்சு எல்லா மிட்வைஃபுக்கும் குடுங்கோ. பதிவேட்டில "திரும்பி வந்த திகதி" எண்டு ஒரு வரி போடுங்கோ. காணும்.

முறிகண்டி:
தாள் நல்லது, ஏற்கிறன். மிட்வைஃப் வெற்றிடமா இருக்கிற பிரிவில அதை ஆர் நிரப்புறது? பக்கத்துப் பிரிவு ஆள் பதில் கடமையா வாற இடத்தில அவவுக்கு வீடு வீடாப் போக நேரம் இல்லை. அங்கயாவது ஆறு மாதத்துக்குத் தனி நாள் வேணும்.

வவுனிக்குளம்:
வெற்றிடப் பிரிவெண்டா சம்மதம். சந்தை நாளில வையுங்கோ, பஸ் இருக்கும். தை, மாசி அருவிவெட்டுக்கு ஆக்கள் வயலில நிப்பினம். அந்த ரெண்டு மாதமும் பின்னேரத்துக்கு மாத்துங்கோ.