செலிகி ரோட்டுல மூச்சு வாங்கி நின்ன நாள்லேருந்து

2024 தைப்பூசம், ஜனவரி 25. சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து பால்குடம் எடுத்துக்கிட்டு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்தேன், மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும். செலிகி ரோடு தாண்டுறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சு ஓரமா நின்னுட்டேன். என் மாமியாருக்கு 68 வயசு, எனக்கு முன்னாடி போய்க்கிட்டு இருந்தவங்க திரும்பி வந்து குடத்துக்கு ஒரு கை கொடுத்தாங்க. எனக்கு அப்ப 43. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஸ்கூல்ல நெட்பால் ஆடினவதான் நான். கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, அக்கவுண்ட்ஸ் வேலைன்னு ஆனதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் ஒண்ணுமே செய்யல, காலையில எம்ஆர்டி ரயில், அப்புறம் ஒம்பது மணி நேரம் நாற்காலி, வீட்டுக்கு வந்தா சமையல், அதோட படுக்கை. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 78 கிலோ.

தைப்பூசம் முடிஞ்ச அந்த வாரமே புது ஷூ வாங்கிட்டு பிடோக் ரிசர்வாயருக்கு, அதாவது நீர்த்தேக்கத்துக்குப் போய் ஓட ஆரம்பிச்சேன். இதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு, இத படிக்கிற யாரும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. நாலு நாள்தான் ஓடினேன், அஞ்சாவது நாள் வலது முட்டி வீங்கி படி இறங்க முடியல. மூணு வாரம் வீட்டுலயே கிடந்தேன்.

பாலிகிளினிக்ல, அதாவது அரசாங்க கிளினிக்ல பார்த்த டாக்டர் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. என் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பார்க்கிற கணக்கு, 31, நம்ம ஆசியக்காரங்களுக்கு 23 தாண்டினாலே கவனிக்கணுமாம், 27.5க்கு மேல போனா சுகர், இதய நோய்க்கெல்லாம் ரிஸ்க் அதிகமாம். வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்தா போதும், ஆனா முதல் நாளே 150ஐ பிடிக்க நினைக்காதீங்கன்னாங்க. வேகத்துக்கு ஒரு கணக்கும் சொன்னாங்க, நடக்கும்போது பேச வரணும், பாட வரக்கூடாது. வாட்ச் எதுவும் இல்லாம நான் இத வெச்சே நடந்தேன். முதல் ரெண்டு வாரம் பத்து பத்து நிமிஷம், அதுவும் எங்க அடுக்குமாடி புளோக்க சுத்தி மட்டும்.

ரிசர்வாயர ஒரு சுத்து சுத்தினா 4.3 கிலோமீட்டர். அத முழுசா நடக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. காலையில ஆறு மணிக்கு இன்னும் இருட்டாதான் இருக்கும், அந்த நேரத்துல ஒரு மலாய் மக்சிக், அதாவது அம்மா மாதிரி ஒருத்தவங்க, தினமும் வருவாங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும். நான் வேகமா போனா "பெலான் பெலான்", மெதுவா மெதுவான்னு கைய ஆட்டுவாங்க. ஒரு தடவ பிள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் போகல, மூணாவது நாள் போனா என்னைப் பார்த்ததும் நின்னு என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. பேர் கூட தெரியாத ஒருத்தவங்க நம்மள தேடியிருக்காங்களேன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கப்புறம் சோம்பலா இருக்கிற நாள்ல எல்லாம் அவங்கள நெனச்சே எழுந்திரிச்சேன். ஹெல்தி 365 ஆப்ல நடந்தா பாயின்ட் சேருது, வவுச்சர் கிடைக்குது, அது நல்ல விஷயம்தான், ஆனா என்னை படுக்கைலேருந்து எழுப்பினது மக்சிக்தான்.

நவம்பர், டிசம்பர் மழைக்கு வாய்ட் டெக்குலயும் (புளோக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தரைத்தளம்) புளோக்குக்குப் புளோக் போற கூரை நடைபாதையிலயும் நடந்தேன். முட்டிக்காக நாற்காலில உட்கார்ந்து கைய ஊனாம எழுந்திரிக்கிறது, தினம் பத்து தடவைல ஆரம்பிச்சு முப்பது வரைக்கும். ஓட்டத்த விட இதுதான் என் முட்டிய காப்பாத்துச்சுன்னு நம்புறேன். மாடி ஏற படிக்கட்டு, இறங்க லிஃப்ட், ஏன்னா இறங்கும்போதுதான் முட்டிக்கு பாரம் ஜாஸ்தி.

சாப்பாட்டுல பெருசா எதையும் விடல. ஒரு நாளைக்கு மூணு தே குடிப்பேன், எல்லாமே கண்டென்ஸ்ட் மில்க் போட்டது, அத இனிப்பு கம்மியான சியூ தாய் ஆக்கி, அப்புறம் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்னு மாத்தினேன், முதல் வாரம் கசந்துச்சு, பழகிடுச்சு. பரோட்டா ஞாயித்துக்கிழமை மட்டும்.

எடைய பத்தி உண்மைய சொல்லிடுறேன், முதல் ரெண்டு மாசத்துல ஒன்றரை கிலோதான் குறைஞ்சுது. விட்டுடலாமான்னு ஒரு நாள் உட்கார்ந்து அழுதேன். மாமியார்தான் தையல் டேப்ப எடுத்துட்டு வந்து, தராச விடும்மா, இடுப்ப அளப்போம்னாங்க. 96 சென்டிமீட்டர் இருந்தது 92 ஆயிருந்துச்சு. அதுலேருந்து மாசம் ஒரு தடவ டேப்பு மட்டும், தராச கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். ஒரு வருஷத்துல இடுப்பு 87, எடை 71. டாக்டர் சொன்ன அளவுக்கு இன்னும் தூரம் இருக்கு, நடந்துக்கிட்டுதான் இருக்கேன்.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11. திரும்பவும் பால்குடம். செலிகி ரோட்டுல போன வருஷம் நான் நின்ன அதே இடம் வந்தப்ப மாமியார் திரும்பிப் பார்த்து கை நீட்டினாங்க. வேணாம்த்தே, நீங்க நடங்க, நான் பின்னாடியே வர்றேன்னேன். டேங்க் ரோடு வரைக்கும் எங்கயும் நிக்கல.