புது வெடைக்கோழிகளைப் பழைய கோழிகள் சேர்க்க மாட்டேன் என்கின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். கொல்லையில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையில் 5 பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். போன மாதம் சந்தையில் 3 வெடைக்கோழிகள் (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகள்) வாங்கினேன். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் பயத்தால் 3 வாரம் மாட்டுக்கொட்டகையில் தனியாக வைத்து, தடுப்பூசியும் போட்டாயிற்று. அப்புறம் ஒரு வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் விட்டு, பழைய கோழிகள் பார்த்துப் பழகட்டும் என்று இருந்தேன். நேற்று இருட்டியதும் ஒரே கூண்டில் அடைத்தேன்.

விடிந்து திறந்தால், புதியவற்றில் ஒன்றின் கொண்டையில் ரத்தம். எல்லாம் கறுப்புப் பெட்டையின் வேலை. அவள்தான் அங்கே நாட்டாமை, சேவல்கூட வாய் திறக்காது! இரை எடுக்கவும் விடுவதில்லை, தீவனத்தட்டு இரண்டு வைத்தும் பயனில்லை.

காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, அதை மட்டும் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்திருக்கிறேன். கறுப்பியைச் சில நாள் பிரித்து வைத்தால் அடங்குவாளா? எத்தனை நாள் வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.