விநோத மியூசியம், மிரர் மேஸ் எல்லாம் நம்ம செட்டிநாட்டுக்கு வேணுமா?

கொத்தமங்கலம் மீனா:
மே லீவுக்கு பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு பட்டாயா போயிட்டு வந்தோம், எங்க ஆத்தாவும் கூட வந்தாக. பகல் வெயில்ல பீச்சுல நிக்க முடியல, அதனால ராயல் கார்டன் பிளாசாவுல இருக்கிற ரிப்ளீஸ் பிலீவ் இட் ஆர் நாட் (நம்பினால் நம்புங்கள்) விநோத மியூசியத்துக்குள்ள நுழைஞ்சோம். ராபர்ட் வாட்லோன்னு ஒரு அமெரிக்கக்காரர், உலகத்துலயே உசரமான மனுஷன், 8 அடி 11 அங்குலம், அவரு சிலை பக்கத்துல என் மகன் நின்னு அண்ணாந்து பாத்துட்டு "இவருக்கு யாரும்மா செருப்பு தச்சுக் குடுத்தா"ன்னு கேட்டான். தேடிப் படிச்சுச் சொன்னேன், ஒரு செருப்புக் கம்பெனியே சும்மா தச்சுக் குடுத்திருக்கு, ஆனா காலுக்குப் போட்டிருந்த பிரேஸ் உரசி கணுக்கால்ல கொப்புளம் வந்து அது முத்திப்போய் 1940ல 22 வயசுலயே இறந்துட்டாருன்னு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போதும் அவன் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தான்.

அப்புறம் ஒரு மிரர் மேஸ், அதான் சுத்தியும் கண்ணாடியா இருக்கிற புதிர்வழி. கைக்கு உறை மாட்டி விட்டு உள்ள அனுப்புனாக, கண்ணாடியில ரேகை பட்டா வழி தெரிஞ்சிரும்ல. கால் மணி நேரம் சுத்துனோம், மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. வெளிய வந்து எங்க ஆத்தா சொன்னாக, "நம்ம வீட்டு நடு முத்தத்து வளவுல இருக்கிற பெல்ஜியம் கண்ணாடிய எதிரும் புதிருமா மாட்டுனா இதேதானடி, அதுக்கு எதுக்கு பிளேன் ஏறி வந்தோம்"னு.

அது மனசுல தச்சிருச்சு. எங்க பங்காளி வீடு கல்யாணத்துக்கும் முன்னோரக் கும்பிடுற படைப்புக்கும் தவிர தொறக்கிறதே இல்ல, மூணு கட்டு, வவ்வாலுதான் குடியிருக்கு. அதுல ஒரு கட்டுல மட்டும் பிள்ளைக பாக்கிற மாதிரி விநோதப் பொருள் மியூசியமும் ஒரு சின்ன மிரர் மேஸும் வச்சா என்ன? உங்க அபிப்பிராயம் சொல்லுங்க, நான் உண்மையாவே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

பள்ளத்தூர் பேரன்:
ஆச்சி, தப்பா எடுத்துக்காதீக, எனக்கு இது சுத்தமா பிடிக்கல. போன வருஷம் ஒரு மலை ஊருக்குப் போனோம், ஊர் பேரும் கடை பேரும் வேணாம், மிரர் மேஸ்னு போர்டு போட்டு ஆளுக்கு 150 ரூபா வாங்கிட்டு ஒரு தகர ஷெட்டுக்குள்ள விட்டாங்க, லைட் பாதி எரியல, அக்கா மகன் ஓடிப்போய் கண்ணாடியில நெத்திய இடிச்சு வீங்கிப்போச்சு, கேக்க ஒரு ஆள் இல்ல. அந்த மாதிரி ஒண்ணு நம்ம ஊர்ல, அதுவும் ஒரு வீட்டுக்குள்ள வர்றத நெனச்சுப் பாக்கவே முடியல. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டுக் கிராமங்கள் பேரு ஏறுச்சு, அதுக்கு நாம செய்ய வேண்டியது வீட்ட வீடா வச்சிருக்கிறது, பொருட்காட்சி கடையா ஆக்குறது கிடையாது.

இன்னொண்ணு, "விநோதம்"ங்கிற வார்த்தையே உறுத்துது. எங்க அப்பத்தா வச்சிருந்த மங்குப் பீங்கான் சாமானும் பர்மா மரப் பாத்திரமான மரவையும் விநோதமா? அவுக தெனமும் ஊறுகா எடுத்த ஜாடிங்க அது.

தேவகோட்டை டீச்சர்:
பேரன் தம்பி சொல்றது மோசமா நடத்துன ஒரு இடத்தப் பத்தி, அதுக்காக மிரர் மேஸையே தள்ளிடக் கூடாது. நான் பிசிக்ஸ் எடுக்கிறவ, அதனால இத விட மனசு வரல. நல்ல மிரர் மேஸ் பெரும்பாலும் சமபக்க முக்கோணக் கட்டத்துல கட்டுறது, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல 60 டிகிரி. ரெண்டு கண்ணாடிய 60 டிகிரியில நிறுத்தி நடுவுல ஒரு புளியங்கொட்டைய வச்சா 5 பிம்பம் தெரியும், நிஜத்தோட சேத்தா 6 கொட்டை, வட்டமா பூ மாதிரி நிக்கும். 360ஐ 60ஆல வகுத்து ஒண்ணக் கழிங்கன்னு போர்டுல எழுதிப் போட்டா பிள்ளைக மனப்பாடம் பண்ணுவாங்க, பரிட்சை முடிஞ்சதும் போயிரும். ஆனா அந்தக் கொட்டைக்கு நடுவுல தானே நிக்கிற மாதிரி ஒரு இடம் இருந்தா சாகுற வரைக்கும் மறக்காது. கட்டம் 60 டிகிரிங்கிறதாலதான் எந்தப் பக்கம் திரும்பினாலும் நேரா ஒரு நடைபாதை போற மாதிரியே தெரியுது. வழி கண்டுபிடிக்கணும்னா கண்ண நம்பாம தரைய, தூண் அடியப் பாத்து நடக்கணும், கைய முன்னாடி நீட்டிக்கணும், ஓடவே கூடாது, அத வாசல்லயே ஒரு ஆள் நின்னு சொல்லணும்.

எதிரெதிர் கண்ணாடியில உள்ள போகப் போக பச்சையா மங்கும், கவனிச்சிருக்கீங்களா? சாதாரணக் கண்ணாடி பச்சை வெளிச்சத்த மத்த நிறத்த விடக் கொஞ்சம் கூடுதலா திருப்பி அனுப்புது, ஒரு தடவையில தெரியாது, முப்பது தடவையில தெரியும். பராகுவே ஊர்ல 1891ல பொருட்காட்சிக்காகக் கட்டின மண்டபத்த அப்புறம் பெட்ரின் மலைக்கு மாத்தினாங்க, அதுக்குள்ள இருக்கிற கண்ணாடி மேஸ இன்னைக்கும் சனங்க போய்ப் பாக்கிறாங்க, அங்க யாரும் பாரம்பரியத்துக்குக் கேடுன்னு சொல்லல, அதுவே பாரம்பரியம் ஆயிருச்சு.

தேவகோட்டை டீச்சர்:
மேல "பராகுவே"ன்னு ஃபோன் தானா மாத்திருச்சு, பிராக், செக் நாட்டுத் தலைநகரம்.

முனீஸ்வரன் கோயில் தெரு:
காரைக்குடி பழைய சாமான் தெருவுல நமக்குக் கடை, அப்பா காலத்துல இருந்து. இதப் பத்திப் பேச எனக்கும் உரிமை இருக்குன்னு நெனக்கிறேன், ஏன்னா உங்க வீட்டுச் சாமான்தான் எங்க கடையில கிடக்கு. ஸ்வீடன் இனாமல் தூக்கு, ஜெர்மன் பெண்டுலம் கடிகாரம், ரவிவர்மா பிரஸ்ஸுல அச்சடிச்ச லட்சுமி படத்து மேல ஜரிகையும் சம்கியும் ஒட்டி சேலை கட்டிவிட்ட படம், இதெல்லாம் வரும் போகும். வாங்க வர்றவங்க கேக்கிற முதல் கேள்வி "என்ன விலை", ரெண்டாவது கேள்வி "பழசுதானா". எந்த வீட்டுதுன்னு கேக்கிறவங்க நூத்துல ஒருத்தர் கூட இல்ல.

ஒரு தடவை பித்தளைத் தூக்குச்சட்டி ஒண்ணு வந்துச்சு, அடியில விலாசம் வெட்டியிருந்துச்சு, நகரத்தார் வீட்டுப் பாத்திரம்னா இனிஷியல் வெட்டாம இருக்காதுல்ல. அந்த எழுத்துக்கு மேல இன்னொரு எழுத்து, வேற கை வெட்டுனது, சின்னதா. பொண்ணுக்குச் சீர் குடுத்தப்ப மாப்பிள்ளை வீட்டு விலாசத்த மறுபடி வெட்டியிருக்காங்கன்னு அப்பா விரலால தடவிப் பாத்துச் சொன்னாரு. ஒரு பொண்ணு ஒரு வீட்ட விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனது அந்தச் சட்டி அடியில இருக்கு. நீங்க மியூசியத்துல வச்சு "விநோதப் பாத்திரம்"னு அட்டை எழுதினா அது செத்துப்போச்சு. என் கடையில விலைச்சீட்டு ஒட்டும்போதும் அது செத்துதான் போவுது, அதையும் ஒத்துக்கிறேன், வயித்துப்பாடு.

அதனால நான் பேரன் பக்கம். மிரர் மேஸ் வேணும்னா ஹைவே ஓரமா வையுங்க, வளவுக்குள்ள வேணாம்.

கானாடுகாத்தான் ஆட்டோ:
அண்ணே, நீங்க கடையில உக்காந்து பேசுறீங்க, நான் தெனமும் டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டுப் போறேன். அரண்மனை வாசல், ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி பெரிய வீடு, இதுதான் ரவுண்டு. பெரியவங்க தூணத் தொட்டுப் பாத்து தேக்கு தேக்குன்னு சொல்லிக்கிட்டே போவாங்க, பிள்ளைங்க ரெண்டாவது வீட்லயே என் ஆட்டோவுக்கு ஓடி வந்துருவாங்க. "அங்கிள் போன் சார்ஜ் போடலாமா"ன்னு கேப்பாங்க. தொடாத, ஏறாத, ஓடாதன்னு எல்லா இடத்துலயும் சொன்னா அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டு மேல என்ன பிரியம் வரும், நீங்களே சொல்லுங்க. பத்து வருஷம் கழிச்சு அதுதானே இந்த வீட்ட வச்சுக்கணுமா விக்கணுமான்னு கையெழுத்துப் போடப் போவுது.

எனக்கு சின்ன வயசுல திருவிழாவுல நாகக்கன்னி காட்டுவாங்க, பொண்ணு தலை, பாம்பு உடம்பு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். மூணு நாள் தூங்கல நான். இன்னைக்கும் அந்தத் திருவிழான்னா எனக்கு அதுதான் ஞாபகம்.

தேவகோட்டை டீச்சர்:
அந்த நாகக்கன்னி மாதிரி ஆட்டங்கள்ல பாதிக்கு மேல கண்ணாடி வேலைதான் தம்பி. 1865ல லண்டன்ல ஸ்டோடேர்னு ஒரு மேஜிக்காரர் மேசை மேல ஒரு தலை மட்டும் பேசுற மாதிரி காட்டினாரு, மேசைக் கால்களுக்கு நடுவுல ரெண்டு கண்ணாடிய சாய்வா வச்சு, பக்கத்துச் சுவர் அதுல தெரியும், பாக்கிறவங்க பின்சுவர்னு நெனச்சிக்குவாங்க, ஆள் உள்ள உக்காந்திருப்பாரு. இத மேஸ் முடியிற இடத்துல தொறந்து காட்டி விளக்கலாம், பிள்ளைங்களுக்கு ஏமாந்ததுக்கான காரணமும் கையோட கிடைக்கும்.

பள்ளத்தூர் பேரன்:
டீச்சர், கண்ணாடி பத்தி நீங்க சொல்றதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. என் பயம் அந்த "விநோத மியூசியம்" பாதிமேலதான். அதோட வரலாறே ஏமாத்துல ஆரம்பிச்சது. 1842ல நியூயார்க்ல பார்னம்னு ஒருத்தர் ஃபிஜி கடல்கன்னின்னு போஸ்டர் ஒட்டி கூட்டத்தச் சேத்தாரு, உள்ள இருந்தது குரங்கு உடம்பையும் மீன் வாலையும் தச்சது. அதுக்கப்புறம் மனுஷங்களையே காட்டினாங்க, குள்ளமா உசரமா பிறந்தது அவங்க குத்தமா? ஈக்வடார் பக்கத்துப் பழங்குடிகளோட சுருக்கின மண்டைங்கள கண்ணாடிப் பெட்டியில வச்சு வருஷக்கணக்கா காட்டிட்டு, ஆக்ஸ்ஃபோர்டு பிட் ரிவர்ஸ் மியூசியம் 2020லதான் எடுத்து உள்ள வச்சுச்சு, பாக்கிறவங்க அந்த சனங்களக் காட்டுமிராண்டின்னு நெனச்சிட்டுப் போறாங்கன்னு. அவங்களுக்கே இத்தன வருஷம் கழிச்சுப் புரிஞ்சத நாம புதுசா ஆரம்பிக்கணுமா? நாளைக்கு நம்ம அப்பத்தா தொங்கவிட்ட காதும் தண்டட்டியும் போட்டோவா மாட்டி "நம்பினால் நம்புங்கள்"னு எழுதுவாங்க, அப்ப எனக்கு நிக்க முடியாது.

கொத்தமங்கலம் மீனா:
பேரன், இத நான் யோசிக்கல, ஒத்துக்கிறேன். உண்மையில வாட்லோ சிலை முன்னாடி எல்லாரும் சிரிச்சு செல்ஃபி எடுத்தப்ப என் மகன் மட்டும்தான் செருப்பக் கேட்டான், கேக்காம இருந்திருந்தா நானும் சிரிச்சிட்டுத்தான் வந்திருப்பேன். மனுஷ உடம்ப வேடிக்கைப் பொருளாக்குற எதுவும் நம்ம வீட்ல இருக்காது, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல.

ஆனா பொருள்னு வந்தா எனக்கு இன்னும் ஒரு வாதம் இருக்கு. முட்டுக்காட்டு தட்சிணசித்ராவுல நம்ம பக்கத்து வீடு ஒண்ணு நிக்குது, 1996ல தொறந்த இடம், அங்க போய்ப் பாத்து மெட்ராஸ் பிள்ளைக வாயப் பொளக்குதுக. நம்ம பிள்ளைக சொந்த வீட்டுக்குள்ளயே தொடாதன்னு கேட்டு வளருதுக. சாமான் பூராவும் இரும்புப் பெட்டியிலயும் மேல் மாடியிலயும் கிடந்து செல்லரிக்கிறதும், கடைத் தெருவுக்குப் போறதும், ஒரு பெஞ்சு மேல வச்சு கதை சொல்றதும், இந்த மூணுல எது நல்லதுன்னு கடைக்கார அண்ணன் சொல்லட்டும். அந்தத் தூக்குச்சட்டிக் கதைய அண்ணனே வந்து சொன்னா அதுக்குப் பேரு விநோதம்னு இருந்தா என்ன, வேற என்னவா இருந்தா என்ன.

ஆத்தங்குடி பட்டறை:
எல்லாரும் பெல்ஜியம் கண்ணாடியப் பேசுறீங்க, நம்ம ஊர் கண்ணாடிய மறந்துட்டீங்க. ஆத்தங்குடி கல்லு, அதான் தரைக்குப் போடுற பூ போட்ட டைல்ஸ், கண்ணாடி மேலதான் பொறக்குது. கண்ணாடித் துண்டு மேல அச்ச வச்சு, கரைச்ச கலர் சிமெண்ட அந்தந்தக் கட்டத்துல கரண்டியால ஊத்தி, அச்சத் தூக்கிட்டு, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, சில நாள் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுத்தா கண்ணாடி தனியா விட்டு வரும். பாலீஷ் எதுவும் கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி குடுத்தது. பூவ நாம தலைகீழா ஊத்துறோம், கண்ணாடிய எடுக்கிற வரைக்கும் எப்படி வந்திருக்குன்னு நமக்கே முழுசாத் தெரியாது. ஸ்கூல் பிள்ளைக வந்தா அந்தக் கண்ணாடி விட்டு வர்ற நிமிஷத்துல ஒரு சத்தம் வரும் பாருங்க, எல்லாம் "ஆ"ன்னுதுக. மேஸ் போட்டா தரைக்குக் கல்லு நான் தர்றேன், ஆனா வெளியூர் டைல்ஸ் ஒட்டினா நான் எதிர்க்கட்சி.

முனீஸ்வரன் கோயில் தெரு:
மீனா ஆச்சி கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றேன். மூணுல மூணாவதுதான் நல்லது, அத மறுக்க முடியல. ஆனா தொழில் தெரிஞ்சவனா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், பழைய கண்ணாடிய மட்டும் மேஸுக்குத் தொடாதீங்க. 1835ல லீபிக்ங்கிற ஜெர்மன் கெமிஸ்ட் வெள்ளி பூசுற முறையக் கண்டுபிடிச்சதுக்கு முன்னாடி வெள்ளீயமும் பாதரசமும்தான் பூசினாங்க, அதான் இன்னைக்கும் ரசம் போச்சுன்னு சொல்றோம். நம்ம வீட்டுக் கண்ணாடியில ஓரத்துல கருப்புப் புள்ளி வந்திருக்கும், ஈரத்துணி பின்பக்கம் பட்டா பரவிரும், சட்டத்த விட்டு எடுத்தா ஓரம் சீவுன இடத்துல விரிசல் விடும், அப்புறம் யாராலயும் சேக்க முடியாது. மேஸுக்கு உடையாத அக்ரிலிக் கண்ணாடி வாங்குங்க, பிள்ளை இடிச்சாலும் நெத்தி தப்பும், பேரன் தம்பிக்கும் நிம்மதி. பழசு சுவத்துல சாஞ்ச மாதிரி மாட்டினது அப்படியே இருக்கட்டும்.

பள்ளத்தூர் பேரன்:
அக்ரிலிக், வாசல்ல ஆள், கல்லு ஆத்தங்குடி, இதெல்லாம் சரி. வளவுக்குள்ளங்கிறதுக்கு நான் இன்னும் சம்மதிக்கல. மூணாங்கட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல தனியா கட்டுங்க. வளவு சாமி கும்பிட்ட இடம், ஆச்சி.

கொத்தமங்கலம் மீனா:
எங்க ஆத்தாவும் நேத்து இதையேதான் சொன்னாக, வளவ விட்டுரு, மாட்டுக் கொட்டகை காலியாத்தான கிடக்குன்னு. பதினோரு புள்ளி, அதாவது பங்குக் குடும்பம், இருக்கு வீட்ல, ஒருத்தர் மாட்டேன்னாலும் ஒரு ஆணி அடிக்க முடியாது, ஆடி மாசம் படைப்புக்கு எல்லாரும் வருவாக, அன்னைக்குப் பேசணும். டீச்சர், நீங்க அந்த ரெண்டு கண்ணாடியும் புளியங்கொட்டையும் எடுத்துக்கிட்டு அன்னைக்கு ஒரு எட்டு வர முடியுமா? சாப்பாடு எங்க வீட்ல. பேரன், நீங்களும் வாங்க, எதிர்த்துப் பேச ஒருத்தர் இருந்தாத்தான் பெரியப்பச்சி காது குடுத்துக் கேப்பாக.