செடியின் முப்பரிமாண மாடல்: 72 படம் எடுத்தும் 19தான் சேர்கிறது

அவரைக்கொடி:
வணக்கம். ஒரு பீன்ஸ் நாற்று வளர்வதை நாள்தோறும் முப்பரிமாண மாடலாகப் பதிவு செய்யப் பார்க்கிறேன். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது, தொட்டி டர்ன்டேபிள் (சுழலும் தட்டு) மேல். 5 பாகைக்கு ஒரு படம், சுற்றுக்கு 72. படங்களை இணைத்து முப்பரிமாண மாடல் கட்டும் கோல்மேப் மென்பொருளில் போட்டால் 19 படங்களைத்தான் சேர்க்கிறது. அந்தப் பத்தொன்பதுக்கும் கேமரா ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டுகிறது. செடி இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஏதோ தீற்றல். படங்கள் தெளிவாகவே இருக்கின்றன. எங்கே தவறு?

மூன்றாம்கண்:
செடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அவரைக்கொடி:
புத்தக அலமாரி. அது கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

மூன்றாம்கண்:
அலமாரிதான் காரணம். செடி சுழல்வது மென்பொருளுக்குத் தெரியாது. எல்லாம் அசையாமல் நிற்க, கேமரா மட்டும் சுற்றி வருகிறது என்று நம்பித்தான் அது கணக்குப் போடும். புத்தக முதுகுகளில் பிடித்துக்கொள்ள எத்தனையோ புள்ளிகள். இலையிலோ எங்கும் ஒரே பச்சை. பெரும்பான்மை அலமாரி பக்கம் போனதால் ‘கேமரா நகரவே இல்லை’ என்று தீர்ப்பாகிவிட்டது.

பின்னால் சுருக்கமில்லாத கறுப்புத் துணி கட்டுங்கள். தொட்டிக்கு அடியில், டர்ன்டேபிள் மேலேயே, செய்தித்தாள் விரியுங்கள். அதன் எழுத்துகள் செடியோடு சேர்ந்து சுழல்வதால் மென்பொருளுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். துணிக்கு வழியில்லை என்றால் மாஸ்க், அதாவது எந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும் என்று காட்டும் கறுப்பு-வெள்ளைப் படம், கொடுக்கலாம். மாஸ்க் படத்தில் கறுப்பாக இருக்கும் பகுதியில் கோல்மேப் புள்ளி எடுக்காது. அப்புறம், ஒரே உயரத்தில் ஒரு சுற்று போதாது. மேலிருந்து சாய்வாக ஒன்று, தாழ்வாக ஒன்று எடுங்கள்.

நுனித்தளிர்:
ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு இலை ஆட்டம் நிற்கும்வரை காத்திருங்கள். நான் மின்விசிறியை அணைக்க மறந்து ஒரு வாரப் படங்களை வீணாக்கியவன். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள்.

அவரைக்கொடி:
துணி, செய்தித்தாள், மூன்று சுற்று. 216ல் 211 சேர்ந்துவிட்டன! மிக்க நன்றி. ஆனால் கிடைத்த புள்ளிகளை மெஷ் (தொடர்ச்சியான மேற்பரப்பு) ஆக்கினால் இலைகள் தலையணை மாதிரி உப்பிவிடுகின்றன. இன்னொன்று: நேற்றைய மாடலைவிட இன்றையது சிறியதாக இருக்கிறது. செடி சுருங்குமா?

மூன்றாம்கண்:
உப்புவது, புள்ளிகளை மெஷ் ஆக்கும் பாய்சான் முறையின் குணம். ஓட்டையில்லாத, மூடிய மேற்பரப்பைத் தேடுவது அது. இலை தாள் மாதிரி மெல்லியது, அதற்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. புள்ளிகள் குறைவான இடத்து மேற்பரப்பை வெட்டிவிடும் டிரிம் அளவைக் கூட்டிப் பாருங்கள். உயரமும் பரவலும் மட்டும் போதும் என்றால் மெஷ்ஷே வேண்டாம், பாயின்ட் கிளவுடிலேயே, அதாவது வெறும் புள்ளித் தொகுப்பிலேயே, அளந்துவிடலாம்.

அளவு மாறுவதற்குக் காரணம் வேறு. படங்களிலிருந்து வடிவம் வரும், சென்டிமீட்டர் வராது. ஒவ்வொரு மாடலும் தன் இஷ்டப்படி ஓர் அலகில் பிறக்கிறது. தொட்டியின் விளிம்பில், தெரிந்த இடைவெளியில் நான்கு குறிகள் ஒட்டுங்கள். அவற்றை வைத்து அளவையும் சரி செய்யலாம், நாளுக்கு நாள் மாடல்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தவும் செய்யலாம். இலைகளை வைத்துப் பொருத்தாதீர்கள், அவைதானே மாறிக்கொண்டிருக்கின்றன.

நுனித்தளிர்:
எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? பீன்ஸ் இலை பகலில் விரிந்து நிற்கும், இரவில் தொங்கிவிடும். நேரம் மாறினால் பரவலும் மாறும்.

அவரைக்கொடி:
நேற்று காலை 9, இன்று இரவு 8. சரி, புரிந்துவிட்டது. அலாரம் வைத்துவிட்டேன், குறிகளை இப்போதே ஒட்டப் போகிறேன்.