புதுப்பிப்பு: கூச்ச சுபாவம் உள்ளவர் தொண்டுப் பணிக்குப் போகலாமா?

"நாலு பேர் முன்னால் பேசவே தயங்குகிற நான், ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் குழுவில் சேரலாமா?" என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். மூட்டை கட்டும் வேலைதான் இருக்கும் என்று போனால், விண்ணப்பம் நிரப்பும் மேசையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களில் பலருக்குப் பொருளை விட, எந்த உதவிக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்ல ஆள்தான் தேவைப்படுகிறது.

கணவரை இழந்த ஒரு அம்மா, இறப்புச் சான்றிதழை நாலாக மடித்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அதிலும் அடையாள அட்டையிலும் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். உதவித்தொகை அதனாலேயே நின்றிருந்தது. அலுவலகத்துக்கு போன் போட்டு, திருத்தத்துக்கு வழி கேட்டது நான்தான். குரல் நடுங்கவே இல்லை!

சேர நினைப்பவர்கள், உதவி பெறுகிறவர்களைப் படம் பிடித்துப் போடாத குழுவாகப் பார்த்துச் சேருங்கள். அந்த அம்மாவின் மனு கொடுத்தாச்சு. பதில் வந்ததும் எழுதுகிறேன்.